ஒன்றாம் கவுண்டரில் இல்லாத இடம்

படகு ஓட்டுகிறவள் பெரியவள். அந்தப் படகுக்கு டிக்கெட் கொடுக்கிற கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவள் சின்னவள். வீட்டில் அம்மா கூப்பிட்ட பெயர்கள்தான், வேலை செய்கிற இடத்துக்கும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டன. புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். ஏனென்றால் சின்னவள் அக்காவைவிட ஒரு தலை உயரம்.

ஆறு கடலில் கலக்கிற இடம் அது. அக்கரைக்கும் இக்கரைக்கும் நாள் முழுக்க ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். படகுத்துறையின் கீழ்த்தளத்தில் மூன்று டிக்கெட் கவுண்டர்கள். அதைத் தாண்டினால் டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைகிற கேட். மாடியில் ஒரு சின்ன அறை, சின்னவளுக்கு. ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை வரும் என்று எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். படகை நினைத்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். "தண்ணியில சம்பாதிக்கிற குடும்பத்துல இப்படி ஒண்ணு" என்று பெரியவள் கேலி செய்வாள். "கம்ப்யூட்டர்ல எழுத்தைத் தேடித் தேடி ஒத்தை விரலால குத்துற குடும்பத்துல இப்படி ஒண்ணு" என்று சின்னவள் திருப்பிக் கொடுப்பாள்.

அன்று காலையில் பெரியவளிடமிருந்து போன் வந்தது.

"சின்னவளே, கொஞ்சம் கவனமாக் கேளு. படகோட அடியில, அதை மிதக்க வைக்கிற காத்தறைகள்ல ஒண்ணு கசியுது. இஞ்சின்காரர் தண்ணிய எல்லாம் இறைச்சு, தற்காலிகமா அடைச்சிருக்கார். ஓட்டலாம்ங்கிறார். ஆனா முழு ஆளும் ஏத்தக் கூடாது."

"எத்தனை பேர் ஏத்தலாம்?"

"எப்பவும் இருநூறு பேர். இன்னிக்கு நூத்தி இருபது. அதுக்கு மேல ஒரு ஆள் வேண்டாம்."

"இப்பவே மாத்திடறேன்."

"மாத்திட்டு ஒரு தடவை சரி பாத்துடு. நான் மேல நின்னு ஓட்டுறவ, கீழ தலைய எண்ணிக்கிட்டு இருக்க முடியாது."

இதில் சின்னவளுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்வதற்கென்றே டிக்கெட் கணக்கெல்லாம் இருக்கிற டேட்டாபேஸுக்குள், ஃபங்ஷன் என்கிற ஒரு குட்டிக் கட்டளை இருந்தது. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் யாரோ எழுதி வைத்தது. கேட்டால் 'இருநூறு' என்று சொல்லும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கவுண்டர் கம்ப்யூட்டர்களும் கேட்டில் இருக்கிற மெஷினும் ஒவ்வொரு ஆளுக்கும் அதைக் கேட்டுவிட்டுத்தான் 'இடம் இருக்கிறது' அல்லது 'இடம் இல்லை' என்று காட்டும். சின்னவள் அதைத் திறந்து இருநூறை அழித்துவிட்டு நூற்றிருபது என்று எழுதிச் சேமித்தாள். தன் திரையில் புதிதாக ஒரு ஜன்னலைத் திறந்து கேட்டுப் பார்த்தாள். நூற்றிருபது என்றது. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னது.

அக்காவைக் கூப்பிட்டு, "மாத்தியாச்சு, சோதிச்சும் பாத்தாச்சு" என்றாள்.

"சமத்து" என்று சொல்லிப் பெரியவள் போனை வைத்தாள்.

முதல் இரண்டு நடைகளில் கூட்டம் இல்லை. படகு பாதி காலியாகவே போய் வந்தது. மழை தூற ஆரம்பித்தது. சின்னவள் வேறு வேலையில் மூழ்கிவிட்டாள். அன்று பள்ளி விடுமுறை. அவள் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கரையில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அத்தை வீடு என்றால் மகளுக்குத் தலைகால் புரியாது. அங்கே ஒரு பூனை ஐந்து குட்டி போட்டிருந்தது.

அடுத்த நடைக்குக் கூட்டம் வந்தது. அக்கரையில் ஏதோ கால்பந்துப் போட்டி. சின்னவள் திரையின் மூலையில் 'படகு நிரம்பியது' என்ற சிவப்பு எழுத்து வந்ததைப் பார்த்தாள். 'நல்லது, நூற்றிருபதோடு நின்றுவிட்டது' என்று நினைத்துக்கொண்டாள். கணவரும் மகளும் இந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததில் போவார்கள் என்றும் நினைத்தாள்.

போன் கிணுகிணுத்தது. கணவர் அனுப்பிய செய்தி.

'டிக்கெட் கிடைச்சாச்சு. ஒண்ணாம் கவுண்டர்ல இடமே இல்லைன்னு துரத்தினாங்க. ரெண்டாம் கவுண்டர்ல சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க. உங்க ஆபீஸ் ஒரு அதிசயம்தான் போ.'

கீழே ஒரு படம். மகள் கேட்டுக்கு உள்பக்கம் நின்று இரண்டு டிக்கெட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினாள்.

சின்னவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. 'எப்படிக் கொடுத்தாங்க?' என்று பதில் எழுத ஆரம்பித்தாள். 'எப்படி' என்ற சொல்லிலேயே விரல் நின்றுவிட்டது.

எப்படிக் கொடுத்தார்கள்?

திரையைப் பார்த்தாள். மூலையில் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அதன்மேல் சுட்டியை வைத்து அழுத்தினாள். விவரம் விரிந்தது. மீதி இடம் என்கிற வரிக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். இருந்தது மைனஸ் எழுபத்தொன்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மைனஸ் எழுபத்துமூன்று ஆனது.

இல்லாத இடத்தை யாரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். நூற்றிருபது என்று எழுதியது அவள் கைதான், சோதித்துப் பார்த்தது அவள் கண்தான். ஒரு கவுண்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. ஒரே டேட்டாபேஸ், ஒரே ஃபங்ஷன். ஒன்றாம் கவுண்டருக்கும் இரண்டாம் கவுண்டருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?

ஒன்றாம் கவுண்டர் பெண் அன்று தாமதமாக வந்தாள். பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்தவள், சின்னவள் எண்ணை மாற்றிய பிறகுதான் கம்ப்யூட்டரையே திறந்தாள். மற்ற இரண்டு கவுண்டரும் கேட்டும் விடியற்காலையில் திறந்தவை, இன்னும் மூடவில்லை.

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கேள்வியை முதல் தடவை கேட்கும்போது டேட்டாபேஸ் அதற்கு எப்படிப் பதில் எடுப்பது என்று ஒரு திட்டம் போட்டுக்கொள்ளும். அடுத்த தடவை யோசிக்காமல் அதே திட்டத்தை எடுத்து ஓட்டும், வேகத்துக்காக. எப்போதும் ஒரே பதில் சொல்கிற ஃபங்ஷன் என்று முன்னால் இருந்தவர் எழுதி வைத்திருந்ததால், அதை ஒவ்வொரு முறையும் கூப்பிடாமல் இருநூறு என்ற எண்ணையே திட்டத்துக்குள் பதித்து வைத்துக்கொண்டது. காலையில் திறந்த கவுண்டர்களின் திட்டத்துக்குள் இருநூறு உட்கார்ந்திருந்தது. அவள் ஃபங்ஷனை மாற்றியது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. அவள் சோதித்த ஜன்னலோ புத்தம் புதியது. அதற்கு நூற்றிருபது மட்டும்தான் தெரியும்.

மறுபடி திறக்கும்போது புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று, திறந்திருந்த எல்லாத் தொடர்புகளையும் ஒரே கட்டளையில் அறுத்தாள். கீழே "ஐயோ, சிஸ்டம் போச்சு!" என்று இரண்டாம் கவுண்டர்காரர் கத்துவது மாடிவரை கேட்டது.

அந்தக் கத்தலுக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது. படகின் ஊதல்.

ஜன்னலை இழுத்தாள். பல மாதம் திறக்காத ஜன்னல், வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு கையாலும் உலுக்கித் திறந்தபோது, கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. கயிறு அவிழ்த்துவிட்டார்கள். மழைக்கு ஒதுங்கி எல்லோரும் கூரைக்கு அடியில், படகின் பின்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் மகள் எங்கே என்று தெரியவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். குரல் இஞ்சின் சத்தத்தில் கரைந்தது.

எப்படி மாடியிறங்கினாள் என்று பிறகு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு செருப்பு படியிலேயே கிடந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். துறை மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார் அவர்.

"சார், வயர்லெஸ்ல அக்காவைக் கூப்பிடுங்க. படகுல ஆள் கூடுதல்."

"எவ்வளவு கூடுதல்? ஒண்ணு ரெண்டா?"

"எழுபதுக்கு மேல சார்."

அவர் சிரித்தேவிட்டார். "என்னம்மா நீ. கேட்ல பச்சை காட்டாம ஒரு ஈ உள்ள போகாது. நானே பாத்துக்கிட்டுதானே இருந்தேன், எல்லாருக்கும் பச்சை."

"அந்தப் பச்சையே பொய் சார்! கேட்டுக்கு இன்னும் இருநூறுன்னுதான் தெரியும். நான் மாத்தினது அதுக்குப் போய்ச் சேரல."

"நீதானே மாத்தியாச்சுன்னு சொன்னே?"

"மாத்தினேன். காலைல திறந்து வச்ச மெஷின் எதுவும் மறுபடி கேக்கல. பழைய பதிலையே வச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வெளுத்துப்போனதைச் சின்னவள் பார்த்தாள். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அவர் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"படகுல ஸ்பீக்கர் திறந்திருந்தா எல்லாருக்கும் கேக்கும்மா. பயந்து ஒரு பக்கமா ஓடினாங்கன்னா அதோட முடிஞ்சுது."

"ஓட்டுற ரூம் கதவை மூடச் சொல்லுங்க முதல்ல."

சொன்னார். கதவு மூடுகிற சத்தம் கரகரப்புக்கு நடுவே கேட்டது. பிறகு பெரியவளின் குரல். "சொல்லுங்க சார். நானே கூப்பிடணும்னு இருந்தேன். படகு ரொம்பத் தாழ உட்கார்ந்திருக்கு. மறுபடி கசியுதோன்னு இஞ்சின்காரரைக் கீழ அனுப்பியிருக்கேன்."

மேனேஜர் பேச வாயெடுத்தார். சின்னவள் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கசிவு இல்ல. ஆள்தான். நூத்தித் தொண்ணூறுக்கு மேல இருக்காங்க."

இஞ்சின் சத்தம் மட்டும் வந்தது.

"சரி" என்றாள் பெரியவள்.

அந்த ஒரு சொல்லில் கோபம் இல்லை, கேள்வி இல்லை. அதுதான் சின்னவளை அதிகம் பயமுறுத்தியது. அக்கா திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"திரும்பி வந்துடு அக்கா."

"இப்பத் திருப்பினா அலை பக்கவாட்டுல அடிக்கும். இவ்வளவு எடைய வச்சுக்கிட்டுத் திருப்ப மாட்டேன். ஆத்துல தண்ணி இறங்கிக்கிட்டு இருக்கு. கொஞ்ச தூரத்துல சேத்துத் திட்டு ஒண்ணு இருக்கு, முகப்பை மெதுவா அதுல ஏத்தி நிறுத்திடறேன். அங்கேர்ந்து ஆளை இறக்க ரெண்டு படகு அனுப்புங்க. இடையில என்கிட்டப் பேசாதீங்க."

மகளும் அவரும் அதில் இருக்கிறார்கள் என்கிற வார்த்தை சின்னவளின் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தாள். சுக்கானைப் பிடித்திருக்கிற கை நடுங்கிவிட்டால்? விழுங்கிக்கொண்டாள். கருவியை மேசையில் வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் போனில் பரபரத்தார். மீன்பிடிப் படகுக்காரர்கள் சங்கத்துக்கு, கடலோரக் காவலுக்கு, யார் யாருக்கோ. பார்க்க ஒன்றும் இல்லை. தூறல் வெள்ளைத் துணி மாதிரி ஆற்றின்மேல் தொங்கியது, படகு அதற்குள் போய் மறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது வயர்லெஸ்ஸின் கரகரப்பு மட்டும். பெரியவள் தன் பக்கத்தில் அதை அணைக்கவில்லை, அறைக் கதவையும் மறுபடி திறந்துவிட்டிருந்தாள் போல. அங்கே நடப்பது துண்டு துண்டாகக் கேட்டது.

"எல்லாரும் உள்பக்கமா வந்து தரையில உட்காருங்க... சாரல் அடிக்குது, அதான்... பாட்டிம்மா, பையை விடுங்க, அது எங்கேயும் போகாது..." அது படகில் உதவிக்கு இருக்கிறவரின் குரல். சாதாரணமாக, கொஞ்சம் சலிப்பாகக்கூடப் பேசினார். சினிமாக் கொட்டகையில் இடம் காட்டுகிறவர் மாதிரி. பெரியவள் அப்படிப் பேசச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பெரியவள் தனக்குத்தானே சொல்வது கேட்டது. "வராதே... வராதே... வந்துட்டான்."

"என்ன வருது?" என்றாள் சின்னவள், யாரையும் பார்க்காமல்.

"சரக்குக் கப்பலா இருக்கும்" என்றார் மேனேஜர். "துறைமுகத்துக்குப் போற நேரம்தான். அது கிளப்புற அலை பெருசு."

ஊதல் மூன்று முறை அலறியது. யாரோ வீறிட்டார்கள். எதுவோ சரிந்து உருண்டது. குழந்தைகள் அழுவது கேட்டது, ஒரு குழந்தையா பத்துக் குழந்தையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எந்த அழுகை தன் மகளுடையது என்று சின்னவள் காதைக் கூர்மையாக்கினாள். எல்லாமே அவளுடையது போலத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நீளமான உரசல். இரும்பு எதன்மேலோ இழுபடுகிற மாதிரி. இஞ்சின் நின்றது.

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"சார்" என்றது வயர்லெஸ். பெரியவளின் குரல் கம்மியிருந்தது. "சேத்துல ஏறிட்டோம். பின்பக்கம் கணுக்கால் வரைக்கும் தண்ணி வந்துச்சு, இப்ப வடியுது. ஒருத்தருக்குத் தலையில அடி, ஒரு அம்மாவுக்குக் கை பிசகியிருக்கு. மத்த எல்லாரும் நல்லா இருக்காங்க. படகை அனுப்புங்க."

சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

மீன்பிடிப் படகுகள் போய் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொண்டுவந்தன. நனைந்து, சேறு அப்பி, ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு இறங்கினார்கள். என்ன நடக்க இருந்தது என்று பலருக்குத் தெரியவில்லை. "போட்டியே முடிஞ்சிருக்கும், காச திருப்பிக் கொடுங்க" என்று ஒருவர் சண்டை போட்டார். சின்னவளுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சண்டை போடுகிற ஆள் உயிரோடு இருக்கிற ஆள்.

மூன்றாவது படகில் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் முகம் வெளிறியிருந்தது, என்ன நடக்க இருந்தது என்று அவருக்குப் புரிந்திருந்தது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, படகு சறுக்குமரம் மாதிரி சறுக்குச்சு! பூனைக்குட்டி பாக்க எப்பப் போறது?" என்றாள். சின்னவள் அவள் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள். சேற்று வாடைதான் வந்தது.

கடைசிப் படகில் பெரியவள் வந்தாள். மழை நின்று வெயில் எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் துறையின் ஓரத்தில், கயிறு கட்டுகிற இரும்புக் குற்றிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"என்ன ஆச்சு?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சொன்னாள். திட்டம் போட்டு வைத்துக்கொள்வது, எண்ணைப் பதித்துக்கொள்வது, அவள் சோதித்தது புது ஜன்னல் என்பது. பெரியவள் பாதியில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப நீ பாத்தது சரிதான். பாத்த இடம்தான் சரியில்ல."

"ஆமா."

"கவுண்டர்ல போய்ப் பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கணும்."

பெரியவள் அதற்குமேல் நீட்டவில்லை. கையை விரித்து மடக்கினாள், சுக்கானைப் பிடித்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, அவரும் பாப்பாவும் அதுலதான் இருந்தாங்க. உன்கிட்டச் சொல்ல வாய் வரல. சொன்னா உனக்குக் கை ஆடிடும்னு நினைச்சேன்."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏறினதுமே மேல ஓடி வந்து எனக்குக் கையாட்டிட்டுத்தானே போனா உன் பொண்ணு. எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதுன்னு நினைச்சு நான்தான் வாயைத் திறக்கல."

எல்லோரும் கரைக்கு வந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, அப்போதுதான் சின்னவளுக்கு அழுகை வந்தது. பெரியவள் எட்டாத தோளை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை நடந்தது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் சின்னவளையும், அந்த ஃபங்ஷன் இப்படிப்பட்டது என்று எங்கும் சொல்லாமல் போனவரையும், பழைய டேட்டாபேஸை வருடக்கணக்காகப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டவர்களையும் சேர்த்தே கடிந்துகொண்டார்கள். புதிய பதிப்பில் ஃபங்ஷன் மாறினால் அதை நம்பி இருக்கிற பழைய திட்டங்கள் தாமாகவே கலைந்துவிடுமாம். அது வந்து சேரும்வரை, எதை மாற்றினாலும் பழைய திட்டங்கள் எல்லாவற்றையும் தூக்கிப்போடுகிற கட்டளை ஒன்றைச் சின்னவள் எழுதி வைத்தாள். அதோடு நிற்கவில்லை. மாற்றிய கையோடு மாடியிறங்கி வருவாள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு கேட் என்று ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் நின்று எட்டிப் பார்ப்பாள். கவுண்டர்காரர்களுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று இரண்டாம் கவுண்டர்காரர் கேட்டார்.

"உங்க மேல இருக்கு" என்றாள். "கொஞ்சம் நகருங்க, திரை தெரியல."